பாம்பும் ஏணியும் பிள்ளைகள் கையில்: விளையாட்டை உருவாக்கி இணையப் பாதுகாப்பைக் கற்பது

பல வீடுகளில் ஓடிபியைப் படித்துச் சொல்வது பிள்ளைகளின் வேலை. பாட்டியின் போனுக்குக் குறுஞ்செய்தி வரும், பாட்டிக்குக் கண்ணாடி கைக்கு எட்டாது, நான்காம் வகுப்புப் பேத்தி எண்ணைப் படிப்பாள். வாசலில் சிலிண்டரோடு நிற்பவர் அந்த எண்ணை வாங்கிக்கொண்டு போவார். அதே பிள்ளைக்குப் பள்ளியில், "ஓடிபியை யாரிடமும், எப்போதும் சொல்லக் கூடாது" என்று சொல்லிக்கொடுக்கிறோம். தேர்வில் அவள் அதைப் பிழையில்லாமல் எழுதிவிடுவாள். வீட்டில் நடப்பதும் பாடத்தில் இருப்பதும் ஏன் ஒட்டவில்லை என்று அவளோடு உட்கார்ந்து பேச மட்டும் ஆள் இல்லை. நாளைக்கு வங்கியிலிருந்து பேசுவதாக ஒருவர் எண்ணைக் கேட்டால், அவள் பாடத்தை நினைப்பாளா, வாசலில் நின்றவரை நினைப்பாளா?

விதிகளைச் சொல்லிக்கொடுப்பதோடு நிறுத்திவிட்டால் இந்த ஓட்டை நம் கண்ணில் படாது. அதே விதியை வைத்து ஒரு விளையாட்டை உருவாக்கச் சொல்லுங்கள், சீக்கிரமே பட்டுவிடும். "ஓடிபி சொன்னால் தோல்வி" என்று ஒருவன் எழுதுவான். "அப்போ கேஸ்கார அண்ணாகிட்ட சொல்றோமே, அது?" என்று பக்கத்தில் இருப்பவள் கேட்பாள். வேலை அங்கேதான் தொடங்குகிறது. சிலிண்டரை நாமே பதிவு செய்தோமா? பொருள் கண்ணெதிரே இருக்கிறதா? இந்த எண் எதற்கு என்று செய்தியில் என்ன எழுதியிருக்கிறது? நாம் கூப்பிட்டோமா, அவர்கள் கூப்பிட்டார்களா? இந்த நான்கு கேள்விகளையும் பிள்ளைகளே வாதாடிக் கண்டுபிடித்தால் அவை மறக்காது. விளையாட்டுக்கு விதி எழுதுபவர் விதிவிலக்கையும் யோசித்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் விளையாட்டு நடுவில் நின்றுவிடும்.

ஆயத்தமாகக் கிடைக்கும் விளையாட்டுகளும் நல்லவைதான். கூகுள் 2017-இல் வெளியிட்ட ‘இன்டர்லேண்ட்’ இணையப் பாதுகாப்பையே பொருளாகக் கொண்டது; பிள்ளைகள் விரும்பி ஆடுகிறார்கள். ஆனால் அதில் பிள்ளை பிறர் எழுதிய கேள்விக்குப் பதில் சொல்கிறது. இந்த அத்தியாயம் கேள்வியையே பிள்ளையை எழுதவைப்பதைப் பற்றியது. எட்டு வயது முதல் பதினான்கு வயது வரை உள்ளவர்களை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன். பெற்றோர், ஆசிரியர், நூலகத்தில் சிறுவர் வட்டம் நடத்துபவர் என யாரும் இதைச் செய்யலாம். முதல் பாதிக்குக் கணினி வேண்டாம்.

காகிதத்தில் தொடங்குங்கள்

பரமபதம் ஆடாத பிள்ளை குறைவு. வைகுண்ட ஏகாதசி இரவில் கண் விழிக்க ஆடும் அந்தப் படத்தில் ஏணிகள் நற்செயல்களுக்கும் பாம்புகள் தீச்செயல்களுக்கும் நிற்பவை. ஒரு விளையாட்டுப் பலகையே ஒரு முழு அறநெறியைத் தாங்க முடியும் என்று நம் ஊர்க்காரர்களுக்கு யாரும் புதிதாக விளக்க வேண்டியதில்லை. ஆகவே முதல் அமர்வை அதிலிருந்தே தொடங்குங்கள்.

ஒரு பெரிய சார்ட் அட்டை, ஸ்கெட்ச் பேனா, தாயக்கட்டையோ சோழியோ, காய்களாகப் புளியங்கொட்டை. இவை போதும். ஐம்பது கட்டம் போட்டால் ஓர் அமர்வுக்குள் ஆடி முடிக்கலாம். நூறு கட்டம் போட்டால் சிறியவர்களுக்குச் சலித்துவிடும். பாம்பையும் ஏணியையும் அட்டையில் நேரடியாக வரைய விடாதீர்கள். தனித் தாளில் வரைந்து, வெட்டி, குண்டூசியால் குத்தச் சொல்லுங்கள். இடம் மாற்றவும் கழற்றவும் பின்னால் தேவைப்படும்.

இனி முக்கியமான வேலை. ஒவ்வொரு பாம்பின் தலையிலும் என்ன எழுதுவது? விட்டால் பிள்ளைகள் "ஹேக்கர்", "மோசடி", "வைரஸ்" என்று எழுதுவார்கள். அதை அழிக்கச் சொல்ல வேண்டாம். "இந்தக் கட்டத்துல ‘மோசடி’ன்னு போர்டு வெச்சிருந்தா நீ போய் நிப்பியா?" என்று மட்டும் கேளுங்கள். சிரித்துவிட்டு மாற்றுவார்கள். தலையில் வர வேண்டியது இழுக்கும் வார்த்தை. வாலில் வர வேண்டியது இழந்த பொருள். தலையில் "ஃப்ரீ ஃபயர் டைமண்ட் இலவசம், ஐடியும் பாஸ்வேர்டும் போடு" என்று இருந்தால், வாலில் "அக்கவுன்ட் போச்சு, இரண்டு வருஷம் சேர்த்த ஸ்கின் எல்லாம் போச்சு" என்று இருக்கும். தலையில் "இந்தக் க்யூஆரை ஸ்கேன் பண்ணி பின் போட்டா உங்க அப்பாவுக்கு 500 ரூபாய் வரும்" என்று இருந்தால், வாலில் அப்பாவின் கணக்கிலிருந்து 500 ரூபாய் போயிருக்கும். யுபிஐயில் பணத்தைப் பெறுவதற்குப் பின் எண் தேவையே இல்லை, அனுப்புவதற்குத்தான் தேவை. இந்த ஒரு செய்தியைப் பிள்ளைகள் அன்றைக்கே வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பெரியவர்களுக்குச் சொல்வார்கள்.

தலைக்கும் வாலுக்கும் நடுவே என்ன நடந்தது என்பதைப் பாம்பின் உடலில் எழுதச் சொல்லுங்கள். பல பிள்ளைகள் தடுமாறுவது இங்கேதான். டைமண்ட் கேட்டவருக்குப் பாஸ்வேர்டு எதற்கு? அதை வைத்து என்ன செய்வார்? அவரே உள்ளே நுழைந்து பாஸ்வேர்டை மாற்றிவிட்டால் உண்மையான சொந்தக்காரர் என்ன செய்வார்? காரணத்தை வரிசையாகச் சொல்ல முடியாத பாம்பைப் பலகையில் குத்தக் கூடாது என்று ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள். கேள்விப்பட்ட பயங்களை இது வடிகட்டிவிடும். "கேம் ஆடுனா போன் வெடிச்சிரும்" போன்றவை தாமாகவே விழுந்துவிடும்.

சில கட்டங்கள் பெரியவர்களையும் தொடும். "கணக்கு தொடங்க வயது போதவில்லை, பிறந்த ஆண்டை மாற்றிப் போடு" என்று ஒரு பிள்ளை பாம்புத் தலையில் எழுதினால், "எங்க மாமாதான் மாத்திப் போட்டுக் குடுத்தார்" என்று இன்னொரு பிள்ளை சொல்லக்கூடும். இன்ஸ்டாகிராம் போன்ற தளங்கள் பதின்மூன்று வயது கேட்கின்றன. பெரிய வயதைப் போட்டால், சிறார்களுக்கென்று அவர்கள் வைத்திருக்கும் காவல்கள் அந்தக் கணக்குக்கு இல்லாமல் போகும். மாமாவைக் குறை சொல்லாமல் இந்த விளைவை மட்டும் பாம்பின் உடலில் எழுத உதவுங்கள்.

ஆடிப் பார்த்ததும் யாராவது ஒருவர் முறையிடுவார்: "நான் ஒண்ணும் பண்ணல, தாயம் விழுந்துச்சு, பாம்பு கடிச்சிருச்சு." அந்த முறையீடு நியாயமானது. பழைய பரமபதத்தில் எல்லாம் விழும் எண்ணின் கையில். போனில் விரல் வைப்பது நாம். எனவே இரண்டாம் சுற்றில் விதியை மாற்றுங்கள். பாம்புத் தலையில் வந்து நிற்பவருக்கு ஓர் அட்டை வாசிக்கப்படும், அவர் என்ன செய்வார் என்று சொல்ல வேண்டும், பதிலைப் பொறுத்துக் கடியோ தப்பித்தலோ. அட்டையை எழுதுவது ஒரு குழு, ஆடுவது மற்றொரு குழு. எழுதுகிறவர்கள் எதிரணியை ஏமாற்ற முழு மூச்சோடு முயல்வார்கள். முயலட்டும்.

எந்தப் பக்கத்தில் நின்று எழுதுவது?

ஏமாற்றுபவனின் இடத்தில் பிள்ளையை நிறுத்துவது சரியா என்று பெற்றோர் கேட்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விதான்.

2018-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் நெதர்லாந்தைச் சேர்ந்த டிராக் அமைப்பும் சேர்ந்து ‘பேட் நியூஸ்’ என்ற விளையாட்டை வெளியிட்டார்கள். ஆடுபவர் அதில் பொய்ச் செய்தி பரப்புபவர். வேறொருவராக நடிப்பது, கோபத்தையும் அச்சத்தையும் கிளறுவது, சதிக்கதை கட்டுவது என்று ஒவ்வொரு தந்திரத்தையும் தானே கையாண்டு பின்தொடர்பவர்களைச் சேர்க்க வேண்டும். வில்லியம் மெக்குவயர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1960-களில் முன்வைத்த கருத்து இதற்கு அடிப்படை: வலுவிழக்கச் செய்த கிருமியைத் தடுப்பூசியாகப் போட்டால் உடல் எதிர்க்கப் பழகுவதுபோல, தந்திரத்தின் சிறு அளவை முன்கூட்டியே சந்தித்த மனமும் எதிர்க்கப் பழகும். அந்த விளையாட்டைச் சிறுவர்களிடம் அப்படியே கொடுக்கச் சொல்லவில்லை. அதன் முறையை நாம் எடுத்துக்கொள்ளலாம். தூண்டிலில் புழுவைக் கோத்துப் பார்த்த பிள்ளைக்கு அடுத்த முறை புழுவுக்குள் இருக்கும் முள்தான் முதலில் தெரியும்.

ஆனால் ஓர் எல்லை உண்டு, அதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. பொய்ப் பரிசு, போலி இணைப்பு, க்யூஆர் மோசடி, நண்பனின் பெயரில் போலிக் கணக்கு, பொய்ச் செய்தி இவற்றையெல்லாம் ஏமாற்றுபவரின் பக்கத்திலிருந்து எழுதலாம். பெரியவர் ஒருவர் பிள்ளையோடு ரகசிய நட்பு வளர்ப்பது, படம் கேட்பது, படத்தை வைத்து மிரட்டுவது இவற்றை ஒருபோதும் அந்தப் பக்கத்திலிருந்து எழுதவைக்கக் கூடாது. அங்கே பிள்ளை எழுத வேண்டியது தோழியின் பாத்திரத்தை: "உன் ஃப்ரெண்ட் ரெண்டு நாளா யார்கிட்டயும் பேசல, போனைப் பார்த்தா பயப்படுறா. நீ என்ன பண்ணுவ?" குற்றவாளியின் வசனம் விளையாட்டில் எங்கும் வர வேண்டாம். தோழி என்ன சொல்கிறாள், யாரிடம் அழைத்துப் போகிறாள், போகும் வழியில் என்ன பயம் என்பவையே கதை. அந்த வயதில் பிள்ளைகள் தமக்கு நடந்ததை முதலில் தோழமையிடம்தான் சொல்கிறார்கள் என்பதால், இந்தப் பாத்திரம் நடைமுறையிலும் உதவும்.

ஸ்கிராட்ச்: பதில்கள் எங்கே போகின்றன?

காகிதத்தில் காட்ட முடியாத ஒன்று உண்டு. நாம் தட்டச்சு செய்தது நாம் போன பிறகும் இருக்கும் என்பது. அதற்குத்தான் கணினி.

அமெரிக்காவின் எம்ஐடி ஊடக ஆய்வகத்தில் மிட்செல் ரெஸ்னிக்கின் குழு உருவாக்கி 2007-இல் வெளியிட்டது ஸ்கிராட்ச். வண்ணக் கட்டைகளை ஒன்றோடொன்று கோத்து நிரல் எழுதலாம், இலவசம். ரெஸ்னிக் சீமோர் பேப்பர்ட்டின் வழி வந்தவர். பிள்ளை கணினியைக் கொண்டு தானே ஒன்றைக் கட்டும்போது ஆழமாகக் கற்கிறது என்று நம்பி, 1960-களில் லோகோ மொழியைச் சக ஆய்வாளர்களோடு சேர்ந்து படைத்தவர் பேப்பர்ட். கணினியில் இறக்கிக்கொள்ளும் ஸ்கிராட்ச் செயலிக்கு இணைய இணைப்பு வேண்டாம். நம் பயிற்சிக்கு அதுவே நல்லது. கணக்கும் தேவையில்லை, எதையும் வெளியே பகிரவும் தேவையில்லை. ஐந்து முதல் ஏழு வயதுக் குழந்தைகளுக்கு ஸ்கிராட்ச் ஜூனியர் இருக்கிறது. அவர்கள் ஒரு பூனையை வீட்டுக்குக் கொண்டுசேர்க்கும் கதை செய்தால் போதும்.

மற்றவர்களுக்கு ‘புது நண்பர்’ என்ற விளையாட்டைப் பரிந்துரைக்கிறேன். திரையில் ஓர் உருவம் வந்து வணக்கம் சொல்லும், பிறகு பேச்சோடு பேச்சாகக் கேள்வி கேட்கும். இதற்கு ‘ஆஸ்க் அண்ட் வெயிட்’ என்ற கட்டை. ஆடுபவர் தட்டச்சு செய்யும் பதிலை ஒரு மாறியில் போட்டு வைக்க வேண்டும். மாறி என்பதைப் பெயர் ஒட்டிய டப்பா என்று சொல்லிக்கொடுங்கள், புரிந்துகொள்வார்கள். "உன் பேர் என்ன?", "எந்த ஸ்கூல்?", "எத்தனை மணிக்கு ஸ்கூல் விடும்?", "யார் கூட்டிட்டுப் போவாங்க?" என்று நான்கு கேள்வி, நான்கு டப்பா. கேள்விகளுக்கு இடையில் "அட, எனக்கும் அந்தப் பாட்டு பிடிக்கும்" போன்ற வரிகள்.

பிள்ளைகள் ஒருவர் செய்ததை மற்றவர் ஆடட்டும். ஒவ்வொரு கேள்வியும் தனியாகப் பார்த்தால் சாதாரணமானது. யாரும் தயங்க மாட்டார்கள். எல்லாம் முடிந்ததும், ‘ஜாயின்’ கட்டையால் நான்கு பதில்களையும் ஒரே வாக்கியமாக ஒட்டித் திரையில் காட்டச் சொல்லுங்கள். இன்ன பெயருடைய பிள்ளை, இன்ன பள்ளியில், இத்தனை மணிக்கு, தனியாக நடந்து வரும் என்று அந்த வாக்கியம் வந்து நிற்கும். அறை கொஞ்ச நேரம் அடங்கும். நீங்கள் எதுவும் விளக்க வேண்டியதில்லை.

அடுத்து, விளையாட்டைச் சேமித்து மூடிவிட்டு மீண்டும் திறக்கச் சொல்லுங்கள். மாறிகளில் கடைசியாக இருந்த பதில்கள் கோப்போடு சேர்ந்து சேமிக்கப்பட்டிருக்கும். ஆடியவர் எழுந்து போய்விட்டார், பெயர் போகவில்லை. எந்தச் செயலியிலும் படிவத்தை நிரப்பும்போது என்ன நடக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான செய்முறை எனக்குத் தெரியாது. பார்த்து முடித்ததும் டப்பாக்களைக் காலி செய்து சேமிப்பதையும் பாடத்தின் பகுதியாக வையுங்கள். பிறர் விவரத்தை வாங்கியவருக்கு அதை அழிக்கும் கடமையும் உண்டு என்பதை அந்த வயதிலேயே பழக்கலாம்.

கொஞ்சம் தேறியவர்கள் ஒரு கடிகாரத்தைச் சேர்க்கட்டும். "பத்து நொடிக்குள் பதில் சொல், இல்லாவிட்டால் பரிசு போய்விடும்." கடிகாரத்தோடு ஒரு முறை, கடிகாரம் இல்லாமல் ஒரு முறை நண்பர்களை ஆடவைத்து வித்தியாசத்தைக் கவனிக்கச் சொல்லுங்கள். நேரம் குறையும்போது யாரும் முழுச் செய்தியைப் படிப்பதில்லை என்று அவர்களே கண்டுபிடிப்பார்கள். அவசரப்படுத்துகிறவரைக் கண்டால் நிதானிக்க வேண்டும் என்ற அறிவுரையை நூறு முறை கேட்டவர்களும் இந்தச் சோதனைக்குப் பிறகே அதை நம்புகிறார்கள்.

ஒரு நடைமுறைக் குறிப்பு. பதிலை எழுத்தில் ஒப்பிடும் நிரல் சிறு எழுத்துப்பிழைக்கே தவறிப்போகும். தேர்வுகளுக்கு 1, 2, 3 என்று எண் கொடுத்து, எண்ணைத் தட்டச் சொல்லுங்கள்.

பெரிய பிள்ளைகளிடம் ஸ்கிராட்ச் தளத்தையே ஆராயக் கொடுக்கலாம். அங்கே ஒருவருக்கொருவர் தனிச் செய்தி அனுப்பும் வசதி கிடையாது. பல கணினிகளுக்குப் பொதுவாக இருக்கும் ‘கிளவுட் வேரியபிள்’ என்ற மாறியில் எண்களை மட்டுமே வைக்க முடியும், எழுத்தை வைக்க முடியாது. "ஏன் இப்படிக் கட்டியிருப்பார்கள்? எழுத்தை அனுமதித்தால் யார், எதற்குப் பயன்படுத்தக்கூடும்?" என்று கேளுங்கள். பிறகு அவர்கள் ஆடும் ஒரு விளையாட்டை எடுத்து அதே கண்ணோடு பார்க்கச் சொல்லுங்கள். முன்பின் தெரியாதவர் அதில் பேச முடியுமா? பேச்சை நிறுத்தும் பொத்தான் எங்கே இருக்கிறது, எத்தனை தட்டலில் வருகிறது? பாதுகாப்பு என்பது பிள்ளையின் ஒழுக்கத்தை மட்டும் சார்ந்ததில்லை, கட்டியவர்களுக்கும் அதில் பொறுப்பு உண்டு என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும். தெரிந்தால், சிக்கியவர் தன்னை மட்டுமே நொந்துகொள்ள மாட்டார்.

கதை எழுதுவதில் நாட்டமுள்ளவர்களுக்கு ட்வைன். கிறிஸ் கிளைமாஸ் 2009-இல் உருவாக்கிய இலவசக் கருவி. தமிழிலேயே எழுதலாம். ஒரு பத்தி எழுதி, இரட்டைச் சதுர அடைப்புக்குறிக்குள் அடுத்த பத்தியின் பெயரைப் போட்டால் அது சொடுக்கும் இணைப்பாகிவிடும். கிளைகள் கோடுகளாகத் திரையில் தெரியும். உலாவியில் செய்தால் கதை அந்த உலாவிக்குள்ளேயே சேமிக்கப்படும். உலாவியின் தரவைத் துடைத்தால் கதையும் போய்விடும். ஆகவே ஒவ்வொரு நாளும் ஒரு நகலைக் கோப்பாக எடுத்து வையுங்கள்.

‘கேம் ஓவர்’ கூடாது

இந்த அத்தியாயத்தில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்கள். பிள்ளைகள் செய்யும் முதல் விளையாட்டுகள் எல்லாம் ஒரே மாதிரி முடியும். பாஸ்வேர்டைக் கொடுத்தாயா? திரை சிவப்பாகும், சத்தம் வரும், ‘கேம் ஓவர்’. அவர்கள் பார்த்த விளையாட்டுகள் அப்படி முடிகின்றன. நாம் சொல்லும் அறிவுரைகளும் அப்படித்தான் முடிகின்றன. ஒரு தவறு செய்தால் வாழ்க்கையே போயிற்று என்கிறோம். அதை நம்பும் பிள்ளை, உண்மையில் சிக்கும்போது யாரிடமும் வாய் திறப்பதில்லை. மிரட்டுகிறவனின் பலம் முழுவதும் அந்த மௌனத்தில் இருக்கிறது.

பரமபதத்தில் பாம்பு கடித்தவரை யாரும் பலகையை விட்டு அனுப்புவதில்லை. கீழே இறங்குகிறார், அடுத்த முறை தாயம் போடுகிறார். அந்த விதியை எல்லா விளையாட்டுக்கும் கட்டாயமாக்குங்கள். எந்தத் தவறான தேர்வுக்குப் பின்னும் குறைந்தது ஒரு கட்டமாவது இருக்க வேண்டும், அதில் "இப்போ என்ன பண்ணலாம்?" என்ற கேள்வி இருக்க வேண்டும். பாஸ்வேர்டு போனால்: வேறு போனிலிருந்து அதை மாற்றுவது, அதே பாஸ்வேர்டை வேறெங்கு வைத்திருக்கிறோம் என்று பார்ப்பது, நண்பர்களுக்கு "என் பேர்ல ஏதாவது வந்தா நம்பாதீங்க" என்று சொல்வது. பணம் போனால்: 1930. அது இந்தியாவின் இணையக் குற்ற உதவி எண். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை வழியிலேயே முடக்க வாய்ப்பு. படம் போனால்: நம்பகமான பெரியவர் ஒருவர், அப்புறம் குழந்தைகளுக்கான உதவி எண் 1098.

‘நம்பகமான பெரியவர்’ என்ற கட்டத்தில் அந்தப் பெரியவர் என்ன சொல்வார் என்று வசனம் எழுதச் சொல்லுங்கள். வீடு எப்படி இருக்கிறது என்பது அங்கே வந்துவிடும். பெரும்பாலும் இப்படி வரும்:

"எத்தனை தடவை சொல்லிருக்கேன் உனக்கு? குடு போனை. இனிமே இந்த வீட்ல யாருக்கும் போன் கிடையாது."

திருத்தாதீர்கள். பிள்ளை சொல்லாமல் இருப்பதற்கான காரணத்தை அதுவே எழுதிக் காட்டிவிட்டது. சொன்னால் போன் போகும், சொல்லாவிட்டால் இப்போதைக்கு எதுவும் போகாது. பிள்ளையின் கணக்கு நியாயமானதுதான். பெற்றோர் வரும் நாளில், யார் எழுதியது என்று சொல்லாமல் இந்த வசன அட்டைகளைக் கலந்து அவர்கள் கையில் கொடுங்கள். அம்மாவோ அப்பாவோ அந்தக் கட்டத்துக்குப் புது வசனம் எழுதட்டும். "நல்ல வேளை சொன்ன. வா, உட்காரு. முதல்லேருந்து சொல்லு, நான் நடுவுல பேச மாட்டேன்." இந்த மூன்று வரியை எழுதச் சிலருக்கு அரை மணி நேரம் ஆகும். ஆகட்டும். எழுதியதை விளையாட்டில் சேர்த்து, அதை எழுதியவரின் குரலிலேயே பதிவு செய்து ஒலிக்கவிடுங்கள். ஸ்கிராட்சில் குரல் பதியும் வசதி இருக்கிறது. தன் அம்மாவின் குரல் "நல்ல வேளை சொன்ன" என்று சொல்வதைப் பிள்ளை பலமுறை சொடுக்கிக் கேட்கும்.

உண்மையில் நடந்ததைப் பிள்ளை சொன்னால்

இப்படி வேலை செய்யும் இடத்தில் ஏதோ ஒரு நாள் ஒரு பிள்ளை கதையென்று தொடங்கித் தன்னுடையதைச் சொல்லும். அதற்கு முன்கூட்டியே தயாராக இருங்கள். எல்லோர் முன்னும் கிளறாமல், இயல்பாகத் தனியே அழைத்துக் கேளுங்கள். "நீ ஏன் அனுப்புன?" என்ற கேள்வி வேண்டாம். "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்ற வாக்கும் வேண்டாம், அதைக் காப்பாற்ற உங்களால் முடியாது. இந்தியாவில் 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி, சிறார் மீதான பாலியல் குற்றத்தைப் பற்றித் தெரிந்தவர் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். "உனக்கு உதவக்கூடியவங்ககிட்ட மட்டும் சொல்வேன், உன்கிட்ட சொல்லிட்டுத்தான் சொல்வேன்" என்பது நீங்கள் காப்பாற்றக்கூடிய வாக்கு.

உரையாடலை அழிக்க வேண்டாம். கணக்குப் பெயர், தேதி, மிரட்டல் வரிகள் ஆதாரம். அந்தரங்கப் படத்தை மட்டும் ஆதாரமென்று யாருக்கும் அனுப்பவோ நகலெடுக்கவோ கூடாது. நல்லெண்ணத்தோடு அனுப்பினாலும் அது பரவுவதில் சேரும், சட்டப்படியும் குற்றம். காவல்துறையிடம் போனையே காட்டலாம். பதினெட்டு வயதுக்கு உட்பட்டபோது எடுத்த படம் என்றால் ‘டேக் இட் டவுன்’ என்ற இலவச சேவை இருக்கிறது. அமெரிக்காவில் காணாமற்போன, சுரண்டலுக்கு உள்ளான சிறாருக்கான தேசிய மையம் அதை நடத்துகிறது. படம் போனை விட்டு வெளியே போகாது. அதன் எண்வடிவக் கைரேகை மட்டும் பதிவாகி, திட்டத்தில் சேர்ந்துள்ள தளங்கள் அதே படம் வந்தால் கண்டுபிடித்து நீக்க உதவும். இந்தியாவில் குழந்தைகளுக்கான உதவி எண் 1098, இலங்கையில் 1929. இந்த எண்களைப் பிள்ளைகள் செய்யும் எல்லா விளையாட்டிலும் ஏணியின் அடிக்கட்டத்தில் எழுதவையுங்கள்.

ஆடவைத்துத் திருத்துவது

விளையாட்டு முடிந்துவிட்டது என்று பிள்ளைகள் சொன்ன பிறகுதான் பாதி வேலை முடிந்திருக்கிறது. இனி, உருவாக்கத்தில் இல்லாத ஒருவர் ஆட வேண்டும். ஒரு வகுப்பு கீழே படிக்கும் தம்பி தங்கைகள் ஏற்றவர்கள்; தாத்தா பாட்டி அதைவிட ஏற்றவர்கள், ஏனென்றால் மோசடிக்காரர்கள் தேடுவதும் அவர்களைத்தான்.

ஆடும்போது உருவாக்கியவர் வாய் திறக்கக் கூடாது. ஆடுபவர் எங்கே தயங்கினார், எதைப் படிக்காமல் தாண்டினார், எந்தப் பொறியில் ஆசையாக விழுந்தார் என்று நோட்டில் குறிக்க வேண்டும், அவ்வளவுதான். "அய்யோ தாத்தா, அதைத் தொடாதீங்க!" என்று ஒருமுறை கத்திவிட்டால் அந்தச் சோதனை வீண். ஆட்டம் முடிந்ததும் ஒரே கேள்வி: "இந்த இடத்துல உங்களுக்கு என்ன தோணுச்சு?" தாத்தா, "பேங்க்னு போட்டிருந்துச்சு, மரியாதையா பேசுனாங்க, நம்பிட்டேன்" என்று சொன்னால், மரியாதையான பேச்சு ஒரு பொறி என்று பிள்ளைக்குத் தெரிந்துவிட்டது. எல்லோரும் எளிதில் தாண்டும் பொறி மிக வெளிப்படையானது, யாருமே தப்பாத பொறி நியாயமற்றது. இரண்டையும் திருத்தி எழுத வேண்டும். தப்பிப்பதற்கான தடயம் திரையில் எங்காவது இருந்தே ஆக வேண்டும் என்பது ஆட்டத்தின் நேர்மை.

பெற்றோர் ஆடும்போதும் இதே ஒழுங்கு. ஆட்டத்துக்கு நடுவே பாடம் எடுப்பதில்லை, "பார்த்தியா, அதான் சொன்னேன்" என்பதில்லை.

பலகையை மடித்துப் பரணில் போட்டுவிடாதீர்கள். மோசடிகளின் முகம் மாறிக்கொண்டே இருக்கும். தெரிந்தவரின் குரலையே செயற்கை நுண்ணறிவால் போலி செய்து பணம் கேட்பது இன்றைய பாம்பு. அடுத்தது என்னவென்று நமக்கு முன்னால் பிள்ளைகளின் காதுக்கு எட்டும். காலாண்டு, அரையாண்டு விடுமுறைகளில் அட்டையை விரித்து, "இப்போ புதுசா என்ன சுத்துது?" என்று கேளுங்கள். அவர்கள் சொல்வதை ஒரு தாளில் பாம்பாக வரையவைத்து, தலையும் உடலும் வாலும் எழுதவைத்து, யாரும் இனி ஏமாறாத பழைய பாம்பு ஒன்றைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் குத்துங்கள்.